சென்னை வெயிலில் இஞ்சி பீர்: புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டிலேயே பீர் காய்ச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, சென்னையில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்பதுதான். 1937-இல் வந்த மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், விற்கவில்லை நான் மட்டும்தான் குடிக்கிறேன் என்பதெல்லாம் எடுபடாது. ஆனால் அந்த ஆசைக்குள் இன்னொரு ஆசை இருக்கிறது இல்லையா, வெறும் சர்க்கரைத் தண்ணீர் நம் கண் முன்னாலேயே உயிர் பிடித்து நுரைத்துப் பொங்குவதைப் பார்க்கும் ஆசை, அதற்கு இஞ்சி பீர் தாராளமாகப் போதும். பெயரில் மட்டும்தான் பீர். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த பானம் இது. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி கிடையாது, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ கிடையாது. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், அவ்வளவுதான். பீர் காய்ச்சுபவர்கள் வருடக்கணக்கில் கற்றுக்கொள்ளும் விஷயங்கள், அதாவது சுத்தம், ஈஸ்ட், வெப்பம், பாட்டிலுக்குள் ஏறும் அழுத்தம், எல்லாமே இதிலும் உண்டு.

பெரம்பூரில் எங்கள் சமையலறையில் வருடம் முழுக்க ஒரு ஜாடி இஞ்சி உறை, அதாவது பானத்தைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் வளரும் இஞ்சிக் கலவை, உயிரோடு இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்ச் செய்து பார்த்த நண்பர்கள், சொந்தக்காரர்கள், மேல்வீட்டு அக்கா எல்லோரும் திரும்பி வந்து சொன்னதும், என் வீட்டில் நான் பார்த்ததும் சேர்ந்ததுதான் இனி வருவது. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், கெட்டுப்போன பாட்டில்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் கெட்டன. குளிரான ஊரில் இருப்பவர் எழுதிய நாள் கணக்கை நம் ஊர் வெயிலில் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

செய்முறைகளில் "அறை வெப்பநிலையில் 7 நாள்" என்று போட்டிருக்கும். எழுதியவருடைய அறை 20 டிகிரி சுமாருக்கு இருக்கும். சென்னையில் மே மாதம் பகல் 38-ஐத் தொடும், சில நாள் 40-ஐயும் தாண்டும், ஏசி இல்லாத சமையலறை இரவு படுக்கப் போகும்போதும் 32-க்குக் கீழே இறங்காது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஈஸ்ட் வேலை செய்யும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இட்லிக்கு மாவு அரைக்கிற வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் சோம்பி உட்கார்ந்திருக்கும் மாவு மே மாதத்தில் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். அந்த அறிவு கையில் இருந்தும், பாட்டில் என்று வந்தவுடன் காலண்டரைப் பார்க்கிறார்கள். 7 நாள் என்று இருந்தால் 7 நாள். இங்கே கோடையில் பாட்டில் கட்டிய மறுநாளே, சில சமயம் அன்று இரவே, வேலை முடிந்துவிடும்.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை, ருசியும் மாறும். ஈஸ்டுக்குச் சூடு அதிகமானால் தொண்டையைச் சுரண்டுகிற ஒரு காரமான நெடி வரும், அது இஞ்சியின் காரம் இல்லை, வேறு. பீர் காய்ச்சுபவர்கள் ஏல் வகையை 18 முதல் 22 டிகிரிக்குள், லாகர் வகையை 8 முதல் 13 டிகிரிக்குள் என்று பிடிவாதமாக வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். நம்மிடம் அதற்கான ஏற்பாடு இல்லை, சரி, ஆனால் வெப்பம் ஏறி இறங்குவதைக் குறைக்க முடியும். ஒரு வாளித் தண்ணீருக்குள் ஜாடியைக் கழுத்தளவு இறக்கி, அடுப்பிலிருந்து தள்ளி, மேற்குச் சுவரிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் உறைந்த ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் அந்த வாளியில் போட்டால் இன்னும் நல்லது. ஈரத்துணி சுற்றச் சொல்வார்கள். வறண்ட காற்று வீசும் ஊரில் அது நன்றாக வேலை செய்யும். கடற்காற்று வந்து உடம்பெல்லாம் பிசுபிசுக்கிற நம் ஊரில் துணியின் ஈரம் காய்வதே இல்லை, காயாமல் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

அடுத்தது உறை. ஜிஞ்சர் பக் என்று சொல்கிறார்களே, அது. அரை லிட்டர் தண்ணீர், துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு கரண்டி சேர்த்துக் கிளற வேண்டும். குமிழி வந்து, காதைக் கிட்டே கொண்டுபோனால் சீறுகிற சத்தம் கேட்டால் தயார். கோடையில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, தோலைச் சீவினீர்களா என்பது. நம் வீடுகளில் சீவாமல் போட மாட்டார்கள். என் அம்மா ஜாடியைப் பார்த்த முதல் நாளே, "தோலோட போடறியேடா, இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு தெரியாதா?" என்று கேட்டார். சித்த மருத்துவ வழக்கு அது, அவர் வளர்ந்த முறை அது. ஆனால் உறைக்கு வேண்டிய ஈஸ்டும் பாக்டீரியாவும் இருப்பதே அந்தத் தோலில்தான். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழக்கம் ஏற்பட்டது. உறைக்குப் போடும் இஞ்சி தோலோடு, மண் போகக் கழுவி. காய்ச்சுவதற்குப் போடும் இஞ்சி தோல் சீவி. உறையை எப்படியும் வடிகட்டித்தான் சேர்க்கிறோம். காய்ச்சிய சாறு தெளிந்தபின் அடியில் தங்கும் வெள்ளை வண்டலையும் அம்மா சொல்கிறபடி விட்டுவிடுகிறேன், அது இஞ்சியின் மாவுச்சத்து, அதை நீக்கினால் பானம் தெளிவாக இருக்கிறது.

இஞ்சி வாங்கும்போது கோயம்பேட்டிலோ தெருமுனைக் கடையிலோ மண் ஒட்டிய இஞ்சியாகப் பாருங்கள். இயந்திரத்தில் கழுவித் தோல் உரிந்து பளபளவென்று இருப்பதில் உயிர் குறைவு. உறைக்கு இளசைவிட முற்றல் நல்லது என்பது என் அனுபவம்.

உறை வழவழவென்று, கரண்டியை எடுத்தால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தால் பதறிப்போய்க் கொட்டிவிடாதீர்கள். இட்லி மாவைப் பொங்க வைக்கிறதே லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, அதே இனம்தான் இங்கேயும் புகுந்து சர்க்கரையைப் பசை மாதிரி ஆக்குகிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, குடிக்கத்தான் நன்றாக இருக்காது. ஒரு கரண்டி உறையை மட்டும் எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டு, சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்து மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் ஈஸ்ட் மேலோங்கி வந்துவிடும். ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒரே ஜாடியில் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்பதை இஞ்சி பீருக்கான பழைய உறையில் ஆராய்ந்து 1892-இல் எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்ட். இலங்கையில் காபிச் செடிகளை அழித்த துரு நோயை ஆராய்ந்த அதே தாவரவியலாளர். ஜாடியைக் கிளறும்போது அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மேலே வெள்ளையாக ஏடு மாதிரி சுருக்கம் விழுந்து படர்ந்தால் அது ஒரு வகை ஈஸ்ட், எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் பூஞ்சை. அதில் இரக்கமே கூடாது, ஜாடியோடு காலி செய்து கொதிநீரில் கழுவ வேண்டும். மேலாக எடுத்துவிட்டு அடியில் நன்றாகத்தானே இருக்கிறது என்று யோசிப்பது ஆபத்து.

ஜாடியை மூடும் துணி விஷயத்தில் மேல்வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கொசுவலைத் துணியைக் கட்டியிருந்தார். மாம்பழ சீசன் வேறு. பழ ஈக்கள் அந்த ஓட்டை வழியாகத் தாராளமாகப் போய்வந்தன, ஒரே வாரத்தில் ஜாடி முழுக்க வினிகர். ஈ தன் காலில் கொண்டுவருவது வினிகர் பாக்டீரியாவை, காற்றும் கிடைத்தால் அது ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். அந்த வினிகரை அக்கா வீணாக்கவில்லை, வெங்காயம் ஊறப்போடப் பயன்படுத்திக்கொண்டார்.

தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் வாசனை அடிக்கிற நாளில் அப்படியே ஊற்றினால் உறை தூங்கிவிடும், ஏனென்றால் குளோரினைப் போடுவதே நுண்ணுயிரைக் கொல்லத்தான். கொதிக்க வைத்து ஆற வைத்தால் குளோரின் போய்விடும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டிலும் செய்யலாம், தாது உப்பு குறைவாக இருப்பதால் கொஞ்சம் மந்தமாகத் தொடங்கலாம். அந்த மாதிரி நேரத்தில் சர்க்கரையில் ஒரு பங்கை நாட்டுச்சர்க்கரையாக மாற்றுகிறேன், நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

சுத்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் பலர் கழுவுவதையும் கிருமி நீக்குவதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அழுக்கின் மேல் கொதிநீர் ஊற்றினால் அழுக்குக்கு அடியில் இருப்பது சாகாது. முதலில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், பாத்திர சோப்பின் வாசனை போகும்வரை அலச வேண்டும், அப்புறம்தான் கொதிநீர். கண்ணாடி ஜாடியை இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டலாம், பச்சைத் தண்ணீரிலிருந்தே சூடேற்றினால் விரிசல் விடாது. பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிப் போகும், அதற்குக் கை பொறுக்கும் சூடு போதும், புதிதாகக் காலியான பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி காய்ச்சுவது. 2 லிட்டருக்கு 150 கிராம் இஞ்சி, 160 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சை, வடிகட்டிய உறை 200 மில்லி, இது எங்கள் வீட்டு அளவு. இஞ்சியைத் தட்டிச் சர்க்கரையோடு 15 நிமிடம் கொதிக்க விடுகிறோம், ஆறியதும் எலுமிச்சையும் உறையும். இந்த "ஆறியதும்" என்ற ஒரு சொல்லில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். 50 டிகிரிக்கு மேல் இருக்கும்போது உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும் குமிழி வராது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றலாம் என்றால், கோடையில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடும். நான் கண்டுகொண்ட வழி, மொத்தத் தண்ணீரில் பாதியை மட்டும் வைத்துக் கெட்டியாகக் காய்ச்சுவது, மீதிப் பாதியை முந்தின நாளே கொதிக்க வைத்து ஃபிரிட்ஜில் குளிர வைத்திருப்பது. சிறிது நேரம் மூடி ஆறவிட்டு இரண்டையும் கலந்தால் உறைக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிடும். திறந்து கிடக்கும் நேரமும் குறையும், அந்த நேரத்தில் வந்து விழும் வேண்டாத கிருமியும் குறையும்.

இப்போது பாட்டில். இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

வேளச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் அழகான சதுரக் கண்ணாடி பாட்டில்களில், கம்பிக் கொக்கி மூடி போட்டது, இஞ்சி பீரை நிரப்பி அலமாரியில் வைத்தார். செய்முறையில் போட்டிருந்தபடி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் இல்லாத நேரத்தில் ஒன்று வெடித்து, அதன் சில்லு பட்டுப் பக்கத்தில் இருந்ததும் உடைந்தது. அலமாரிக் கதவில் கண்ணாடி குத்தி நின்ற படத்தை அனுப்பியிருந்தார். அவருக்கு ஒரு சின்னக் குழந்தை இருக்கிறாள். அன்றிலிருந்து யார் உறை கேட்டாலும், கண்ணாடி பாட்டிலில் கட்ட மாட்டேன் என்று சொன்னால்தான் கொடுக்கிறேன்.

கணக்கு இதுதான். 1 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும், அரை கிராம் ஆல்கஹால் வரும். ஒரு லிட்டரில் 8 கிராம் சர்க்கரை மட்டும் புளித்தாலே 4 கிராம் வாயு, குடிக்கும்போது நாக்கில் சுரீரென்று தெரிகிற அளவுக்கு அது போதும். ஆனால் நாம் போட்டிருப்பது லிட்டருக்கு 80 கிராம். மூடிய பாட்டிலை மறந்துவிட்டால், தேவைக்குப் பத்து மடங்கு வாயு வரக்கூடிய சர்க்கரை உள்ளே காத்திருக்கிறது. இதற்கு மேல் வெப்பம் வேறு. சூடான தண்ணீரில் வாயு குறைவாகத்தான் கரையும். அந்த 4 கிராம் வாயு 30 டிகிரியில் பாட்டிலுக்குள் கிட்டத்தட்ட ஒரு கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைக் கொடுக்கும், ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு வந்ததும் அது பல மடங்கு இறங்கிவிடும். சூடாக இருக்கும்போது திறந்தால் கூரைவரை பீய்ச்சுவதும், அதே பாட்டிலை இரவு முழுக்கக் குளிர வைத்துத் திறந்தால் அடக்கமாக நுரைப்பதும் இதனால்தான்.

அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த கண்ணாடி பாட்டிலும் உண்டு, கோலி சோடா பாட்டில் அப்படிப்பட்டது. 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும், கண்ணாடி அவ்வளவு தடிமன். வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் பாட்டில்களை அதனோடு சேர்த்து எண்ணக் கூடாது.

வீட்டுக்குச் சரியானது குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான். விரல் இரண்டளவு இடம் விட்டு நிரப்புங்கள், இறுக மூடுங்கள், நாளில் மூன்று நான்கு முறை அமுக்கிப் பாருங்கள். முதலில் அமுங்கும், போகப் போக விறைக்கும், கடையில் வாங்கும் சோடா பாட்டில் மாதிரி கல்லாக நின்றால் அந்த நிமிடமே ஃபிரிட்ஜுக்குள். நாள் முக்கியமே இல்லை, கை சொல்வதுதான் கணக்கு. ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு வேகம், மார்கழி இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது வேறு வேகம், கத்திரியில் சொல்லவே வேண்டாம். ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் நல்லது: எந்தத் தேதியில் கட்டியது, அறை எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரத்தில் விறைத்தது. ஒரு வருடம் எழுதினால் உங்கள் சமையலறைக்கென்று ஒரு பஞ்சாங்கமே கிடைத்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் சாவதில்லை, மெதுவாகத்தான் ஆகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது பலருக்கு ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்கள் நினைவிலேயே இல்லை, தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும்போது யாருக்கு நினைவிருக்கும். நீண்ட நேரம் கரண்ட் இல்லை என்றால் மூடியை லேசாகத் திருகி வாயுவை விட்டுவிடுங்கள். பானத்தின் நுரை போனால் போகட்டும்.

ஆல்கஹால் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். மேலே சொன்ன 8 கிராம் கணக்கில் ஏறக்குறைய 0.5 சதவீதம் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் மதுபானம் என்கின்றன. அதாவது நல்ல நுரை வருகிற இடமும் அந்தக் கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அதனால் விறைத்ததும் ஃபிரிட்ஜ் என்பதில் தாமதம் கூடாது. போட்ட 80 கிராமும் புளிக்கட்டும் என்று விட்டால் 5 சதவீதம் வரை போகலாம், அது கடை பீரின் அளவு, அதற்கும் சட்டத்துக்கும் ஆகாது. திறந்த ஜாடியில் பல நாள் புளிக்க வைத்துவிட்டு அப்புறம் பாட்டிலில் கட்டும் செய்முறைகளை நான் தொடாததற்கு இதுவே காரணம்.

திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வாங்கி, சர்க்கரை புளிக்கப் புளிக்க அடர்த்தி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார்க்கலாம், பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதிலும் வெயில் குறுக்கே வரும். அந்தக் கருவியைப் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறித்திருப்பார்கள், நம் 32 டிகிரித் தண்ணீரில் அது 0.003 குறைத்துக் காட்டும். அரை சதவீத ஆல்கஹாலுக்கு விழும் வித்தியாசமே 0.004 தான். முதல் நாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர்ச்சியாக ஒரு தடவை, அடுத்த நாள் சூடாக ஒரு தடவை என்று அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு முறையும் ஒரே வெப்பத்தில், வாயுவை நன்றாகக் குலுக்கி வெளியேற்றியபின் அளக்க வேண்டும்.

எப்படி அளந்தாலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கிறது என்பது உண்மை. விருந்தாளிக்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, குடியை விட்டவர்களுக்கு, மதக் காரணமாகத் தொடாதவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அவர்களுக்கு அதே இஞ்சிச் சாற்றில் கடைச் சோடா ஊற்றிக் கொடுக்கிறேன், அதுவும் அருமையாகத்தான் இருக்கும்.

ருசி சேர்ப்பது பற்றி நிறையக் கேட்கிறார்கள். நன்னாரி வேர் நன்றாக வருகிறது, பனங்கற்கண்டும் அப்படியே. மாம்பழம், அன்னாசி மாதிரி பழச்சாறு சேர்த்தால் அந்தச் சர்க்கரையும் கணக்கில் சேரும், சதைத் துணுக்கு இருந்தால் திறக்கும்போது நுரை கட்டுக்கு அடங்காது. எளிய இஞ்சி எலுமிச்சை கைக்கு வசப்பட்டபிறகு அங்கே போங்கள், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், இல்லாவிட்டால் எது எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறீர்கள் என்றால், உறைக்கு ஒரு கரண்டி சர்க்கரையும் இஞ்சியும் கொடுத்து, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வாரம் தாங்கும், இரண்டு வாரம் ஆனாலும் பெரும்பாலும் தாங்கும். திரும்பி வந்ததும் பாதியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வெளியே வையுங்கள், ஒரு நாளில் மறுபடி சீற ஆரம்பிக்கும்.